வெட்டுக்கிளியை விட்டுடுங்க சாமி!

"வெட்டுக்கிளி தன் உடம்பு நீளத்தைப் போல இருபது மடங்கு தாவுகிறது. அந்தக் கணக்கில் மனிதன் 35 மீட்டர் தாவ வேண்டும். ஆறறிவு படைத்த நீங்கள் ஏன் தாவவில்லை?"

இந்த வசனத்தை நீங்களும் எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். குழந்தைகளின் பொது அறிவுப் புத்தகத்தில் வரும், வாட்ஸப்பில் காலை வணக்கத்தோடு வரும். எங்களைப் போன்ற வங்கிக்காரர்களுக்கு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ட்ரெய்னிங் ஹாலில் வரும். காலரில் மைக் மாட்டிய ஒருவர் இதைச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் மௌனமாக நிற்பார். அடுத்த ஸ்லைடில் கிளை வாரியாக டார்கெட் இருக்கும். போன வருடத்தைப் போல ரெண்டு மடங்கு. "இருபது மடங்கு கேட்கவில்லையே, ரெண்டு மடங்குதானே" என்று ஒரு சிரிப்பு வேறு.

பி.காம் படித்தவனுக்குப் பூச்சியின் உடம்பைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். இது முதலில் விகிதக் கணக்கு, அதுதான் என் பிழைப்பு. அந்தக் கணக்கு தப்பு என்பதுதான் இந்தப் பதிவு.

வெட்டுக்கிளியின் நீளம் 5 செ.மீ., எடை 2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதை மனித உயரத்துக்கு, அதாவது 175 செ.மீ.க்குப் பெரிதாக்குங்கள். நீளம் 35 மடங்கு. பரப்பு 35ஐ 35ஆல் பெருக்க, 1,225 மடங்கு. எடை இன்னொரு 35ஆல் பெருக்க, 42,875 மடங்கு. 2 கிராம் பூச்சி இப்போது கிட்டத்தட்ட 86 கிலோ. காலின் உறுதி அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. ஆக, உறுதி 1,225 மடங்கு கூடியது, சுமை 42,875 மடங்கு கூடியது. அந்தக் குச்சிக் கால் தாவுவதிருக்கட்டும், நிற்கவே திண்டாடும். கலிலியோ 1638இலேயே எலும்புகளை வைத்து இதைச் சொல்லிவிட்டார்.

சரி, கால் உடையவில்லை என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு தாவும்? தசை தரக்கூடிய ஆற்றல் தசையின் எடையைப் பொறுத்தது. தசை 42,875 மடங்கு, தூக்க வேண்டிய உடம்பும் 42,875 மடங்கு. இரண்டும் அடிபட்டுப் போக, தாவும் தூரம் ஏறக்குறைய பழையபடியேதான். வங்கி பாஷையில் சொன்னால், அசல் பெருகினால் வட்டித் தொகை பெருகும், வட்டி விகிதம் அப்படியே இருக்கும். தாவல் என்பது வட்டி விகிதம் மாதிரி. அதைப் போய் அசலால் பெருக்கினால் கிடைப்பதுதான் அந்த 35 மீட்டர்!

நிஜத்தில் வெட்டுக்கிளி தாவுவது ஒரு மீட்டருக்குப் பக்கம். சாதாரண இளைஞன் நின்ற இடத்திலிருந்து இரண்டு மீட்டர் தாவுவான். போட்டியில் ஜெயித்தவனைப் பார்த்து நீ தோற்றாய் என்கிறார்கள். கைதட்டல் வேறு :-)

அடுத்தது மூச்சு. வெட்டுக்கிளிக்கு நுரையீரல் கிடையாது. உடம்பின் பக்கவாட்டில் பத்து ஜோடி துளைகள், அங்கிருந்து கிளை கிளையாகப் பிரியும் காற்றுக் குழாய்கள். ஆக்சிஜன் நேரே திசுக்களுக்கே போய்விடும். நம் ரத்தம் போல அதன் ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதில்லை, அதனால் சிவப்பும் இல்லை. சின்ன உடம்புக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் காற்று பரவிச் செல்லும் தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். 86 கிலோ உடம்புக்கு அது கட்டுப்படியாகாது. அதனால்தான் நம் நெஞ்சுக்குள் சுமார் 70 சதுர மீட்டர் பரப்பு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது, ரத்தத்தைத் தள்ள ஒரு பம்பும் இருக்கிறது. அதற்கு எலும்பு வெளியே ஓடாக, நமக்கு உள்ளே. அதற்குக் காது வயிற்றின் முதல் வளையத்தில், நமக்குத் தலையில். அதன் நரம்பு வடம் அடிப்பக்கம், நம்முடையது முதுகுப் பக்கம். இதில் மட்டம் என்று ஒன்றும் இல்லை. அந்தந்த அளவுக்கு அந்தந்த உடம்பு.

ஜே.பி.எஸ். ஹால்டேன் 1926இல் எழுதிய ஒரு கட்டுரையின் சாரமே இதுதான்: ஒவ்வொரு உயிருக்கும் பொருத்தமான ஓர் அளவு உண்டு, அளவு மாறினால் அமைப்பும் மாறியாக வேண்டும். அந்த ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்கே குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரில் இறந்தார். கட்டுரை சில பக்கங்கள்தான். நம் ட்ரெய்னர்கள் ஒரு டீ பிரேக்கில் படித்துவிடலாம்.

"அட, உவமைதானே சார், இதுக்குப் போய் இவ்வளவு கோபமா?" என்பார்கள். கவிதையில் வந்தால் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. இங்கே அந்த உவமை எண்ணாக மாறுகிறது, எண் அப்ரைசலில் ஏறுகிறது. மூன்று பேர் வேலை பார்க்கும் கிராமக் கிளைக்கும் நகரத்துப் பெரிய கிளைக்கும் ஒரே வளர்ச்சிச் சதவீதம் விதிக்கப்படுகிறது. சின்னக் கிளையில் ஒரே ஒரு டெபாசிட் வந்தால் 40 சதவீத வளர்ச்சி, பெரிய கிளையில் வருடம் முழுக்க நாயாய் அலைந்தால் 8 சதவீதம். முதல் ஆளுக்கு ஷீல்டு, இரண்டாம் ஆளுக்கு மெமோ. அந்த மெமோவுக்குப் பயந்து, கவுன்ட்டருக்கு வரும் பாட்டியின் ஃபிக்சட் டெபாசிட் இன்சூரன்ஸ் பாலிசியாக மாறுகிறது. தாவச் சொல்வது மேடையில் இருப்பவர், விழுவது அந்தப் பாட்டி.

வெட்டுக்கிளியை வைத்துத்தான் பாடம் நடத்துவேன் என்றால் முழுசாக நடத்துங்கள். தாவுவதற்கு முன் அது பின்னங்காலை மடித்து, எதிரெதிர் தசைகளை ஒரே சமயத்தில் இறுக்கி, காலின் ஓட்டிலும் தசைநாணிலும் வில்லை வளைப்பது போல ஆற்றலைச் சேர்க்கிறது. சேர்ப்பதற்கு அரை வினாடி போல ஆகும், விடுவிப்பது அதில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில். தசை மட்டும் அந்த வேகத்தைத் தராது. அதாவது, சேர்த்து வைக்க அவகாசம் கொடுத்தால்தான் தாவல். மார்ச் 10ஆம் தேதி போன் போட்டு "இன்னும் ரெண்டு கோடி" என்று கத்தினால் பூச்சிகூடத் தாவாது.

இன்னொரு பாடமும் இருக்கிறது. நான் வேலை பார்க்கும் ராஜஸ்தானில் 2019, 2020இல் பாலைவன வெட்டுக்கிளிகள் வந்தபோது என்ன ஆயிற்று என்பதை விவசாயிகளிடம் கேளுங்கள், 2020 மே மாதம் ஜெய்ப்பூர் நகரத்துக்குள்ளேயே வந்தன. இவற்றின் சிறகு முளைக்காத குஞ்சுகள் கூட்டமாக, ராணுவ அணிவகுப்பு மாதிரி ஒரே திசையில் நகரும். ஆஹா, என்ன டீம் வொர்க் என்று தோன்றும். 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதன் உள்கதையைச் சொன்னது. பின்னால் வருவது முன்னால் போவதைக் கடிக்கிறது. கடிபடாமல் இருக்கத்தான் முன்னது ஓடுகிறது. வயிற்று நரம்பைத் துண்டித்து, கடி தெரியாமல் செய்தபோது அவற்றின் ஓட்டம் குறைந்தது, அதிகமாகத் தின்னவும்பட்டன.

இந்த ஸ்லைடை எந்த ட்ரெய்னரும் போட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் மார்ச் மாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது.

ஆகவே ஐயாமார்களே, அம்மணிகளே! டார்கெட் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஊரில் எத்தனை குடும்பம், என்ன விளைச்சல், கிளையில் எத்தனை கை என்று பார்த்துக் கொடுங்கள். மனிதனுக்கு மனிதனின் அளவுகோல். வெட்டுக்கிளி பாவம், அது பாட்டுக்குப் புல்லைத் தின்னட்டும்.