மருமகள் சொன்ன ‘நீ’

“ஏண்டி, மாமியாரை ‘நீ’ன்னு பேசறது எந்த ஊர் வழக்கம்?”

ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருமுக்கூடலிலிருந்து என் அக்கா தொலைபேசியில் இப்படித்தான் ஆரம்பித்தாள். சௌக்கியமா என்று ஒரு வார்த்தை கிடையாது. எனக்குப் புரிந்துவிட்டது. விஷயம் புது மருமகளைப் பற்றியது.

அக்காவின் பிள்ளை பிரான்ஸ் தேசத்தில் லியோன் நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறான். அங்கேயே ஒரு பிரெஞ்சுப் பெண்ணைக் கல்யாணமும் செய்துகொண்டான். முதலில் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த அக்கா, மூன்றாம் நாள் “பெண் லட்சணமாத்தான் இருக்கா” என்று போட்டோவை எல்லோருக்கும் காட்டினாள். அதெல்லாம் பழைய கதை. இப்போது அந்தப் பெண் கணவனிடம் கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டு, வாராவாரம் மாமியாரைக் கூப்பிட்டுப் பேசுகிறாள். பேசினால் சந்தோஷந்தானே என்கிறீர்களா? “அம்மா, நீ சாப்பிட்டியா?” என்று கேட்கிறாளாம்!

“என் பிள்ளை கேக்கலாம். பெத்த பிள்ளை. இவ கேக்கலாமா? பொங்கலுக்கு அவளோட அப்பா அம்மாவையும் கூட்டிக்கிட்டு வர்றாங்க. நாலு பேர் எதிரே இப்படிப் பேசினா என் மானம் என்ன ஆறது?”

இந்தப் பகுதியில் வழக்கமாக ஊறுகாயும் உள்பாவாடைத் துணியும் பற்றி எழுதுகிறவள் நான். இந்த வாரம் அவற்றுக்கு விடுமுறை. பிரெஞ்சு பேசப் போகிறோம். பயந்துவிடாதீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே பாதி பிரெஞ்சு தெரியும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் அக்காவின் கோபத்தைத் தீர்த்தாக வேண்டும் அல்லவா? இங்கிலீஷில் சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் ஒரே ‘யூ’தான். பிரெஞ்சில் அப்படி இல்லை. நம்மைப் போலவே அங்கே ‘த்யு’ என்றால் நீ, ‘வூ’ என்றால் நீங்கள். கடைக்காரர், டாக்டர், முன்பின் தெரியாதவர் எல்லோருக்கும் ‘வூ’. ஆனால் வீட்டுக்குள் குழந்தைகள் தாயையும் தகப்பனையும் ‘த்யு’ என்றுதான் கூப்பிடும். பிரார்த்தனையில் கடவுளுக்கும் ‘த்யு’தான். நாம் மட்டும் முருகனை ‘நீங்கள்’ என்றா கூப்பிடுகிறோம்?

இன்னும் வேடிக்கை கேளுங்கள். ‘நீ’ போட்டுப் பேசுவதற்கென்றே அவர்களிடம் தனி வினைச்சொல் இருக்கிறது: ‘த்யுத்வாயே’. ‘நீங்கள்’ போட்டுப் பேசுவதற்கு ‘வூவ்வாயே’. நாம் ‘ஒருமையில் பேசிவிட்டான்’ என்று புகார் சொல்லத்தான் அந்த வார்த்தையை எடுப்போம். அவர்களோ பழக்கம் முற்றியதும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்: “ஓன் ஸ த்யுத்வா?” அதாவது, இனிமேல் நாம் ‘நீ’ போட்டுப் பேசிக்கொள்ளலாமா? கேட்பது பெரும்பாலும் வயதில் மூத்தவர்.

“அந்தப் பொண்ணு உன்னை அம்மா ஸ்தானத்திலே வெச்சுட்டாக்கா. அதான் ‘நீ’. புருஷன் உங்கிட்டே எப்படிப் பேசறானோ அதைக் கேட்டுத்தானே அவளும் தமிழ் படிக்கிறா?” என்றேன்.

அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு, “நீ மதராஸிலே அந்தப் பாஷை படிச்சியே, எனக்குப் பத்து வார்த்தை சொல்லிக் கொடு. நான் சம்பந்தியம்மாகிட்டே பேசறதுக்கு என் பிள்ளை நடுவிலே நின்னுக்கிட்டு இருக்க வேண்டாம்” என்றாள்.

நான் படித்தது ஆரம்ப வகுப்பு. ஐரோப்பிய அளவுகோலில் ‘ஏ 1’ என்கிறார்கள், அதாவது அரிச்சுவடி. அங்கே ஒவ்வொரு வாக்கியத்தையும் இங்கிலீஷ் வழியாகத்தான் விளக்கினார்கள். நம் பிள்ளைகளும் பிளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்து அப்படித்தான் படிக்கிறார்கள். சுற்றி வளைத்துப் போகிற வழி அது என்பது அக்காவுக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அக்காவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. அதுவே அவளுக்கு அதிர்ஷ்டமாகப் போயிற்று.

உச்சரிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சில் மூக்கால் சொல்லும் ஓசைகள் உண்டு, அவைதான் கஷ்டம் என்று இங்கிலீஷ்காரர்கள் பயமுறுத்துவார்கள். நீங்கள் சாதாரணமாக வீட்டில் பேசுகிற மாதிரி “நான்” என்று சொல்லிப் பாருங்கள். கடைசி ‘ன்’னில் நாக்கு மேலே போய் ஒட்டுகிறதா? இல்லை. மூக்கோடு கரைந்துவிடுகிறது. ‘வந்தேன்’, ‘பழம்’ இவையும் அப்படித்தான். ‘பழம்’ என்பதைப் பேச்சில் எப்படி முடிக்கிறோமோ, கிட்டத்தட்ட அதுதான் ‘போன்ழூர்’ என்ற வணக்கத்தின் முதல் பாதி. ‘வந்தேன்’ எப்படி முடிகிறதோ அதுதான் பசி என்று பொருள்படும் ‘ஃபேன்’. ‘த’ விஷயத்திலும் நமக்கு லாபம். இங்கிலீஷ் பழகியவர்கள் ‘ட’ போட்டுக் கெடுப்பார்கள். பிரெஞ்சுக்கு நம் ‘த’தான் பொருத்தம்.

‘போன்ழூர்’ என்பதில் ‘ழ’ போட்டிருக்கிறேனே, அது ‘பழ’த்தில் வரும் ழகரம் அல்ல. நம் எழுத்தில் அந்த ஓசை இல்லாததால் பிரெஞ்சுப் பெயர்களைத் தமிழில் எழுதுகிறவர்கள் ‘ழ’வைக் கடன் கொடுத்திருக்கிறார்கள். ‘ஷ’வைச் சொல்லிக்கொண்டே தொண்டையில் கொஞ்சம் அதிர்வு கொடுத்தால் அது வந்துவிடும். ‘த்யு’ வேண்டுமானால் வாயை ‘ஊ’ என்று குவித்துக்கொண்டு ‘ஈ’ சொல்ல வேண்டும். அக்கா இதைக் கண்ணாடி முன் நின்று பழகினாள். மாமா அதைப் பார்த்துவிட்டு, பல்வலியா என்று கேட்டார்.

புரட்டாசியில் நானே நேரில் போய் ஒரு வாரம் இருந்தேன். திருமுக்கூடல் உங்களில் பலருக்குத் தெரிந்திராது. காஞ்சிபுரத்தில் பட்டு எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு சாலையில் திரும்பி வரும்போது, பழையசீவரத்துக்கு எதிர்க்கரை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் இடம். சாயங்காலம் பெருமாள் கோயில் பிராகாரத்தில்தான் எங்கள் பாடம். அந்தக் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டு. அங்கே 15 படுக்கை கொண்ட ஆதுலசாலை நடந்ததைச் சொல்வதால் வைத்தியர்களெல்லாம் அதைக் கொண்டாடுவார்கள். எனக்குப் பிடித்தது அதிலேயே வரும் இன்னொரு செய்தி: அங்கிருந்த கல்லூரியில் வியாகரணமும் ரூபாவதாரமும் சொல்லிக் கொடுத்தார்கள். ரூபாவதாரம் என்பது சமஸ்கிருத இலக்கணத்தை ஆரம்ப மாணவர்களுக்காக எளிதாக்கிய நூல். அந்தக் காலத்துப் பையன்கள் வேற்றுமொழி வினைச்சொற்களை உருப்போட்ட அதே இடத்தில் என் அக்கா, கையில் துளசியோடு, “ழ பார்ல், த்யு பார்ல்” என்று உருப்போட்டாள்.

‘பார்லே’ என்றால் பேசுவது. ழ பார்ல், நான் பேசுகிறேன். த்யு பார்ல், நீ பேசுகிறாய். ஈல் பார்ல், அவன் பேசுகிறான். எல் பார்ல், அவள் பேசுகிறாள். எழுத்தில் சில வேறுபாடு இருந்தாலும் காதுக்கு எல்லாம் ஒரே ‘பார்ல்’தான். ‘நூ பார்லோன்’ என்றால் நாம் பேசுகிறோம், ‘வூ பார்லே’ என்றால் நீங்கள் பேசுகிறீர்கள். இந்த இரண்டுக்குத்தான் வால் மாறும். தமிழில் ‘பேசுகிறேன்’ என்றாலே ‘நான்’ உள்ளே வந்துவிடுகிறது. அங்கே வால் ஊமையாகிவிட்டதால் ‘ழ’, ‘த்யு’ இவற்றை விடவே கூடாது. அக்கா ஒரு நாள் முழுக்க வெறும் ‘பார்ல், பார்ல்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். யார் பேசுகிறார்கள் என்பது பெருமாளுக்குத்தான் வெளிச்சம்.

அவள் அதிகமாகத் தடுக்கியது இன்னொன்றில். ‘நான் இவனுடைய அம்மா’ என்றால் தமிழில் வினைச்சொல்லே வேண்டாம். பிரெஞ்சில் நடுவில் ‘சுய்’ கட்டாயம்: ‘ழ சுய் ஸா மேர்’. ஆனால் வயது சொல்லும்போது நாம் ஜெயித்தோம். ‘எனக்கு 62 வயது’ என்கிறோமே, பிரெஞ்சுக்காரர்களும் வயதை ‘என்னிடம் இருக்கிறது’ என்ற முறையில், ‘ழே’ போட்டுத்தான் சொல்கிறார்கள். பசியும் அப்படியே: ‘ழே ஃபேன்’, எனக்குப் பசி. இங்கிலீஷ் வழியாகப் போகிறவர்கள் இந்த இடத்தில் ‘ழ சுய்’ போட்டு விழுவார்கள். நானும் விழுந்தவள்தான். அக்கா விழவில்லை.

பொருள்களுக்கெல்லாம் ஆண்பால், பெண்பால் உண்டு என்றதும் மட்டும் அவளுக்குக் கோபம் வந்தது. பட்டு பெண்பால், ‘லா ஸ்வா’. சரி. புடவை? ‘ல ஸாரி’, ஆண்பால்! மீசை? பெண்பால்! “பிரெஞ்சுக்காரனுக்குப் புத்தி கித்தி உண்டா?” என்றாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. மனப்பாடம் செய்வதைத் தவிர வழியும் இல்லை.

திருமுக்கூடலுக்குத் தென்மேற்கேதான் வந்தவாசி. 1760 ஜனவரி 22-ஆம் தேதி அங்கே பிரெஞ்சுக்காரர்கள் இங்கிலீஷ்காரர்களிடம் தோற்றுப்போனார்கள். அன்றைக்கு அவர்கள் ஜெயித்திருந்தால் நாம் எல்லோரும் கான்வென்டில் ‘போன்ழூர் மதாம்’ சொல்லியிருப்போமோ என்னவோ! புதுச்சேரி மட்டும் 1954 நவம்பர் 1 வரை அவர்கள் கையில் இருந்தது. இன்றும் அங்கே வெள்ளைக்காரர் வீதிகளில் பெயர்ப்பலகை தமிழிலும் பிரெஞ்சிலும் தொங்குகிறது. கவர்னர் துய்ப்ளேயின் மனைவி அங்கேயே பிறந்தவள், தமிழ் பேசத் தெரிந்தவள். அம்மாள் ராஜ்ய விவகாரங்களில் தலையிடுவதைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அலுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பாஷை தெரிந்த பெண்பிள்ளையைக் கண்டால் ஆண்களுக்குக் கொஞ்சம் உதறல்தான்.

தை பிறந்தது. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்குப் பழையசீவரம் எழுந்தருளி, பிறகு திருமுக்கூடலுக்கும் வருவார். ஊரெல்லாம் ஜனம். அந்தக் கூட்டத்தில் காரை நிறுத்தி இறங்கினார்கள் சம்பந்திகள்.

அக்கா கைகூப்பி, “போன்ழூர் மதாம், போன்ழூர் முஸ்யே” என்றாள். அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவர்கள் ஊரில் கடையில் ஒரு தீப்பெட்டி கேட்பதென்றாலும் முதலில் ‘போன்ழூர்’ சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு. இத்தனை தூரம் வந்து, நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஒரு மாமியார் தன் பாஷையில் அதைச் சொல்வாள் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை.

சாப்பாட்டில் ஒரு கலாட்டா. அக்கா பாயசம் விட வந்தாள். சம்பந்தியம்மாள் “மெர்சி” என்றாள். நன்றி என்கிறாளே என்று அக்கா ஒரு கரண்டி விட்டாள். மறுபடி “மெர்சி”. மறுபடி ஒரு கரண்டி. மூன்றாவது கரண்டியில்தான் எனக்கு நினைவு வந்தது. எதையாவது கொடுக்கும்போது வெறும் ‘மெர்சி’ என்றால் அவர்களிடம் ‘வேண்டாம்’ என்று அர்த்தம்! இதை நான் பாடத்தில் சொல்லாமல் விட்டது என் தப்புதான். நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். போதும் என்று மரியாதையாகச் சொல்ல ‘ழே பியேன் மான்ழே’, நன்றாகச் சாப்பிட்டேன். ‘வயிறு நிறைந்துவிட்டது’ என்பதை அகராதி பார்த்து ‘ழ சுய் ப்லேன்’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். அது சினைப்பசுவுக்குச் சொல்கிற வார்த்தை.

இத்தனைக்கும் நடுவில் மருமகளை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். சந்தேரிப் புடவையைச் சுற்றிக்கொண்டு, அடுக்களை வாசலில் தயங்கித் தயங்கி நின்றாள். அக்கா நிமிர்ந்து பார்த்ததும், மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பிக்கிற மாதிரி, “அம்மா, நீங்க... சாப்பிட்டீங்களா?” என்றாள்.

பிள்ளை திருத்தியிருக்கிறான். யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் இல்லை. அக்கா என்னைப் பார்த்தாள், நான் பிள்ளையைப் பார்த்தேன், அவன் கூரையைப் பார்த்தான்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வாயை ‘ஊ’ என்று குவித்தாள். கண்ணாடி முன் நின்று பழகிய அதே குவிப்பு.

“ஓன் ஸ த்யுத்வா?”

அந்தப் பெண் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். அப்புறம் ஓடி வந்து அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். “அம்மா, நீ சாப்பிட்டியா?” என்றது, அழுகையும் சிரிப்புமாக.

“இன்னும் இல்லைடி. ழே ஃபேன். வா, சேர்ந்து உக்காரலாம்” என்றாள் அக்கா.

திண்ணையில் மாமாவும் சம்பந்தியும் உட்கார்ந்திருந்தார்கள். மாமாவுக்கு நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ‘சா வா?’ என்று இழுத்தால் சௌக்கியமா, ‘சா வா’ என்று இறக்கினால் சௌக்கியம். வரதர் ஆற்றைத் தாண்டி வந்து சேரும்வரை, ஒன்றரை மணி நேரம், இரண்டு பேரும் அதை வைத்தே பேசித் தீர்த்தார்கள்.