வீடு மாறும்போது மீன் தொட்டியை என்ன செய்வது?

முழுப் பரீட்சை முடிந்து ஏப்ரல், மே பிறந்துவிட்டால் எங்கள் கே.கே. நகரில் தெருவுக்கு ஒரு லாரியாவது நிற்கும். மாற்றல் உத்தரவு வந்தவர்கள், பிள்ளைகளின் படிப்புக்காகச் சென்னைக்கோ கோவைக்கோ போகிறவர்கள் என்று வீடு காலி செய்கிற மும்முரம்! பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் ஏறின பிறகு கூடத்து மூலையில் ஒன்று மட்டும் மிஞ்சி நிற்கும். உள்ளே நாலு தங்க மீன்கள் நீந்துகிற கண்ணாடித் தொட்டி. "ஏங்க்கா, இதை எப்படிக் கொண்டு போறது?" என்று அப்போதுதான் கேள்வி வரும். "யார்கிட்டயாவது கொடுத்துட்டு வா, அங்கே போய் வேற வாங்கிக்கலாம்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். ஆனால் தினமும் தீனி போட்டு, ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்துக் கூப்பிடுகிற குழந்தைக்கு அது சாமான் இல்லையே!

மீன் அவ்வளவு தூரம் தாங்காது என்று நினைக்க வேண்டாம். சென்னை கொளத்தூர் வண்ண மீன் வளர்ப்புக்குப் பேர் போன இடம். தமிழ்நாட்டின் பல ஊர்க் கடைகளுக்கும் அங்கிருந்துதான் மீன்கள் போகின்றன. மதுரைக்கு வர வேண்டுமானால் 450 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம். பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் தண்ணீர், மீதி ஆக்ஸிஜன், வாயை இறுக்கி ஒரு ரப்பர் பாண்டு. அவ்வளவுதான், உயிரோடு வந்து சேர்ந்துவிடும். இந்தப் பைகள் வருவதற்கு முன்பு வங்காளத்தில் மீன் குஞ்சுகளை மண்பானையில் விட்டு ரயிலில் கொண்டு போவார்களாம். கூடப் போகிற ஆள் வழி நெடுகத் தண்ணீரைக் கையால் தட்டித் தட்டிக் காற்றுக் கலக்கச் செய்வானாம். ஆக, மீனுக்கு வேண்டியது நிறையத் தண்ணீர் இல்லை, காற்றுத்தான்.

அப்படியானால் வீடு மாறினால் ஏன் மீன் சாகிறது? முக்கால்வாசி மீன்கள் வழியில் சாவதில்லை. புது வீட்டில், தொட்டியைப் பளிச்சென்று கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி விட்ட பிறகு, இரண்டாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் ஒவ்வொன்றாகப் போகும்.

தொட்டிக்கும் உறைமோர் உண்டு

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சின தீனியிலிருந்தும் அம்மோனியா என்கிற விஷம் தண்ணீரில் சேருகிறது. பழகின தொட்டியில் அது மீனைக் கொல்லாததற்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாத நல்ல பாக்டீரியாக்கள். அவை அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. இவை தண்ணீரில் அதிகம் இருப்பதில்லை. ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் அடியிலுள்ள கூழாங்கல்லிலும்தான் குடியிருக்கின்றன. பார்த்தால் வழவழவென்று அழுக்குப் போலத் தெரியும். வீடு மாறுகிற சாக்கில் அதைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்து அலசிவிட்டால் குளோரின் பட்டு எல்லாம் செத்துவிடும். மறுபடி உண்டாக நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை மீன் எங்கே போகும்?

பாலைக் காய்ச்சி வைத்தால் மட்டும் தயிராகி விடுமா? ஒரு கரண்டி உறைமோர் வேண்டாமா? அந்த அழுக்கு ஸ்பாஞ்சுதான் உங்கள் தொட்டிக்கு உறைமோர். அதைப் பத்திரமாகக் கொண்டு போனால் பாதி ஜெயித்த மாதிரி.

புறப்படுவதற்கு முன்பு

ஒரு வாரத்துக்கு முன்பே தெர்மோகோல் பெட்டி ஒன்று, கனமான பாலிதீன் பைகள், மூடியுள்ள இரண்டு வாளிகள் சேகரித்துக்கொள்ளுங்கள். வாளி சோப்புப் படாததாக இருக்க வேணும். துணி துவைத்த வாளி ஆகவே ஆகாது.

கிளம்புவதற்கு ஒரு நாள் முன்பே தீனியை நிறுத்திவிடுங்கள். "பட்டினி போடுவதா?" என்று குழந்தை கண் கலங்கும். வயிறு காலியாக இருந்தால் பைக்குள் கழிவு சேராது, விஷமும் சேராது என்று எடுத்துச் சொல்லுங்கள். வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் பசி தாங்கும்.

தொட்டியைக் கலைக்கும்போது முதல் வேலை, மின்சார இணைப்பு எல்லாவற்றையும் பிடுங்குவது. ஹீட்டர் இருந்தால் கால் மணி நேரம் தண்ணீரிலேயே ஆறவிட்டு வெளியே எடுங்கள். சூட்டோடு எடுத்தால் கண்ணாடி படீரென்று வெடிக்கும். அதற்குப் பின் தெளிந்த பழைய தண்ணீரை 20 லிட்டர் கேன் ஒன்றிலாவது பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பையில் போடும் முறை

மீன் வாங்கின கடையிலேயே கேட்டால் ஆக்ஸிஜன் நிரப்பித் தருவார்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு தொட்டித் தண்ணீர், மீதி இரண்டு பங்கு ஆக்ஸிஜன். இப்படிக் கட்டினால் ஒரு நாள் பிரயாணம் தாங்கும். வெறும் காற்று என்றால் சில மணி நேரம்தான். இரண்டு அங்குல மீன் ஒரு பைக்கு மூன்று நாலுக்கு மேல் வேண்டாம். ஃபைட்டர் மீனுக்குத் தனிப் பை. இன்னொரு ஃபைட்டரோடு சேர்த்தால் சண்டைதான். கெளுத்தி வகை மீன்களின் முள் பையைக் குத்திவிடும். அதனால் ஒரு பைக்குள் இன்னொரு பையாகப் போடுங்கள். பையின் அடி மூலைகளை ரப்பர் பாண்டால் கட்டிவிட்டால் சின்ன மீன்கள் மூலையில் மாட்டி நசுங்காது.

பைகளைத் தெர்மோகோல் பெட்டியில் நெருக்கமாக அடுக்கி, இடைவெளியில் பழைய துண்டைத் திணித்து மூடுங்கள். இருட்டாக இருந்தால் மீன் அலட்டிக்கொள்ளாது. மே மாதத்தில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும். நம் வீட்டு மீன்களுக்குச் சுகமான சூடு 24 முதல் 28 டிகிரி வரைதான். தங்க மீன் இன்னும் குளிர்ச்சியை விரும்பும். ஆகவே பெட்டியை லாரியில் ஏற்றவே கூடாது. உங்களோடு காரிலோ ரயிலிலோ இருக்கட்டும். ராத்திரிப் பிரயாணம் உத்தமம்.

ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் நனைத்தபடி ஒரு டப்பாவில் போடுங்கள். டப்பா முக்கால்வாசி காலியாக இருக்கட்டும். அந்த பாக்டீரியாவுக்கும் காற்று வேணும். வழியில் காபிக்கு நிறுத்தும்போது ஒரு தடவை மூடியைத் திறந்து மூடுங்கள். அதுவும் வெயில் படாமல் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

தொட்டி

கொஞ்சம் தண்ணீர் இருந்தால் என்ன என்று அப்படியே தூக்குகிறார்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 55 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 55 கிலோ! கால்வாசித் தண்ணீர் அலம்பினாலும் சிலிக்கான் ஒட்டு விட்டுப்போகும், அடிக் கண்ணாடி கீறும். தண்ணீர், கல், பொம்மை எல்லாவற்றையும் எடுத்து, காலித் தொட்டியைப் பழைய கம்பளியில் சுற்றி, நிமிர்த்தியே வையுங்கள். இடம் இருக்கிறதே என்று உள்ளே பாத்திரத்தை அடுக்கிவிடாதீர்கள். கூழாங்கல்லை அலசாமல் ஈரத்தோடு தனி வாளியில் எடுத்து வாருங்கள்.

புது வீட்டில்

பால் காய்ச்சி ஆனதும் அடுத்த வேலை மீன் தொட்டிதான். சாமான் பிரிக்கிறது நாளைக்கும் ஆகும். மட்டமான தரையில் ஸ்டாண்டை நிறுத்தி, தெர்மோகோல் தகடு போட்டு, அதன்மேல் தொட்டியை வையுங்கள். கொண்டு வந்த கல், பழைய தண்ணீர், ஸ்பாஞ்சு மூன்றையும் போட்டு மோட்டாரை ஓடவிடுங்கள். குறைகிற தண்ணீருக்குக் குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக்கும் மருந்தையோ ஹைப்போவையோ கடைக்காரர் சொன்ன அளவில் போட்டுச் சேருங்கள். ஆர்.ஓ. தண்ணீர் சுத்தமானதுதானே என்று அதை மட்டும் ஊற்றக்கூடாது. மீனுக்கு வேண்டிய உப்புச் சத்துகள் அதில் கிடையாது. போர்த் தண்ணீர் உப்பானால் மோலி, கப்பி சமாளிக்கும். டெட்ரா, ஏஞ்சல் சிரமப்படும். மெல்ல மெல்லப் பழக்க வேணும்.

மீன் பைகளைப் பிரிக்காமல் தொட்டித் தண்ணீரில் கால் மணி, இருபது நிமிஷம் மிதக்க விடுங்கள். சூடு சமமாகட்டும். பையைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள். மீன் விட்ட மூச்சினால் பைத் தண்ணீர் கொஞ்சம் அமிலமாகியிருக்கும். அது இருக்கிற வரை அம்மோனியாவின் விஷம் அடங்கிக் கிடக்கும். திறந்ததும் கரியமில வாயு வெளியேறி விஷம் தலை தூக்கும். திறந்த கையோடு மீனை வலையில் அள்ளித் தொட்டியில் விட்டு, பைத் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள்.

அன்றைக்கு விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம். மறுநாள் ஒரு சிட்டிகை. ஒரு வாரம் கை கட்டியே போடுங்கள். மீன் மேலே வந்து வாயைப் பிளந்தாலோ, செவுள் சிவந்தாலோ, உடனே கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

கொண்டு போக முடியாவிட்டால்

டெல்லி, கல்கத்தா என்று இரண்டு மூன்று நாள் பிரயாணமானால், அல்லது மீன் ஒரு முழம் வளர்ந்துவிட்டதானால், நல்ல வீடு பார்த்துக் கொடுப்பதே தர்மம். வளர்க்கத் தெரிந்தவர்களிடமோ, மீன் கடையிலோ, பள்ளிக்கூடத்துத் தொட்டியிலோ விடலாம்.

"பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று வண்டியூர்க் கண்மாயிலோ வைகையிலோ விட்டுவிடாதீர்கள். 1952-ல் வெளியிலிருந்து நம் நாட்டுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை இன்றைக்கு நம் கண்மாய்களில் எப்படி மண்டிக் கிடக்கிறது என்று தெரியுமல்லவா? தொட்டிச் சுவரை நக்குகிறதே, அந்த டேங்க் கிளீனர் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. அதுவும் நம் நாட்டு நீர்நிலைகளில் பெருகி மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. நம் கெண்டைக்கும் கெளுத்திக்கும் நாமே சத்துருவைக் கொண்டு விடலாமா?

செத்த மீனுக்குப் பதில் அதே மாதிரி ஒன்றைச் சத்தமில்லாமல் வாங்கிப் போட்டுவிட்டால் குழந்தை ஏமாறும் என்று எண்ணாதீர்கள். வாலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடும். அதைவிட, பட்டினி போடுவதிலிருந்து பை மிதக்க விடுவது வரை அதனையும் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். பள்ளிக்கூடத்தை, சிநேகிதர்களை விட்டுவிட்டு வருகிற குழந்தைக்குப் புது ஊரில் தெரிந்த முகம் அந்த நாலு மீன்கள்தான்.