பெயரை அல்ல, அளவைப் பாருங்கள்

1970களில் கலிபோர்னியாவின் மலைச்சரிவுகளில் உருவானது 'மவுண்டன் பைக்' எனும் மலைச் சைக்கிள். 'பெண்களுக்கானது' என்ற பெயரைப் பார்த்து அதை வாங்குவது அறிவியல் ஆகாது. பெண்கள் எல்லோரும் ஒரே அளவா, என்ன?

வண்டியின் மேற்குழாய்க்கு இருபுறமும் கால் ஊன்றி நின்று பாருங்கள். குழாய் உடலில் இடிக்கக் கூடாது. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். பிரேக் பிடி விரலுக்கு எட்டாவிட்டால் இறக்கத்தில் ஆபத்து. பெரும்பாலான வண்டிகளில் ஒரு திருகைத் திருப்பி அதை அருகே கொண்டு வரலாம். எடை குறைந்தவருக்கு முன்புற ஸ்பிரிங் கெட்டியாக இருந்தால் அமுங்காது. அதிர்ச்சி முழுவதும் கைக்கே வரும்.

பொருந்தாத வண்டியில் தடுமாறும் பெண்ணைப் பார்த்து, "இவளுக்கு ஓட்ட வராது" என்கிறோம். குறை அவளிடமா, வண்டியிடமா? அளந்து பார்த்தபின் சொல்வோமே!