ஆற்றங்கரைத் திட்டம்: கடைமடைக்காரரையும் கேட்க வேண்டும்

நகரத்து ஆற்றங்கரையை அழகுபடுத்துவது நல்ல காரியம். குப்பை மேடாகக் கிடக்கும் இடத்தில் நடைபாதையும், நிழல் மரமும், உட்காரத் திண்ணையும் வந்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தத் திட்டத்தை யாரைக் கேட்டுத் தீட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி. கரையில் குடியிருக்கும் நகரவாசிகளையே பல ஊர்களில் கேட்பதில்லை. நகரத்துக்குக் கீழே அதே தண்ணீரை நம்பி நாற்றுப் பாவுகிற விவசாயியைக் கேட்க வேண்டும் என்ற நினைப்பு யாருக்கும் வருவதே இல்லை.

‘இது டவுன்காரர்கள் விவகாரம், நமக்கென்ன?’ என்று விவசாயிகளும் இருந்து விடுகிறார்கள். இப்படி இருந்து விடுவது சரியல்ல. ஆற்றின் கரையில் நகரம் எதைக் கட்டினாலும், அதன் பலனோ பாதகமோ கீழே உள்ள வாய்க்காலுக்குத்தான் வந்து சேரும்.

நெல்லையைப் பாருங்கள்

தாமிரபரணியை உதாரணமாக எடுத்துக் கொள்ளலாம். இந்த ஆற்றில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. இவற்றால் பாசனம் பெறும் ஆயக்கட்டு 86,107 ஏக்கர். அதில் பாதிக்கு மேல் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது.

திருநெல்வேலி நகரம் சுத்தமல்லி அணைக்கட்டுக்கும் மருதூர் அணைக்கட்டுக்கும் இடையில் அமைந்திருக்கிறது. ஆகவே மருதூர் மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால் ஆகிய நான்கு கால்வாய்களுக்கும் போகும் தண்ணீர், நகரத்தைக் கடந்துதான் போக வேண்டும். இது போதாதென்று, சுத்தமல்லியில் பிரியும் நெல்லைக் கால்வாயும், பழவூரில் பிரியும் பாளையங்கால்வாயும் நகரத்துக்குள்ளேயே ஓடி வயலுக்குப் போகின்றன. குறுக்குத்துறையிலோ வண்ணார்பேட்டையிலோ ஆற்றங்கரையில் ஒரு சுவர் எழுந்தால், ஒரு சாக்கடை திரும்பினால், அது ஸ்ரீவைகுண்டத்து விவசாயிக்கும் சேர்ந்த விஷயமாகி விடுகிறது.

நகரத்துச் சாக்கடை தாமிரபரணியில் கலப்பது குறித்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விசாரித்து வந்ததையும், 2024 நவம்பரில் நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றைப் பார்வையிட்டதையும் வாசகர்கள் அறிவார்கள். சாக்கடையை நிறுத்தாமல் கரையை மட்டும் அழகுபடுத்தினால், நடக்க வருகிறவர்களுக்கு நல்ல காட்சி கிடைக்கலாம். கார் சாகுபடிக்கும் பிசானத்துக்கும் நல்ல தண்ணீர் கிடைக்காது.

வெள்ளத்தின் அளவு யாருக்குத் தெரியும்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையை இந்தப் பகுதியில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. குளங்களும் வாய்க்கால்களும் உடைத்துக் கொண்டன. நெல்லும் வாழையும் நின்ற வயல்களில் மணல் மேடிட்டது.

இப்படிப்பட்ட வெள்ளம் எந்த இடத்தில் கரையை முட்டும், எந்த வளைவில் எதிர்க்கரைக்குத் தாவும், எங்கே மணலைப் போடும், எங்கே கரையை அறுக்கும் என்பது தலைமுறையாக அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். குறுக்குத்துறை முருகன் கோயிலைக் கட்டியவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. ஆற்றுக்குள்ளேயே நிற்கும் அந்தக் கோயிலின் முகப்பைப் படகின் முனைபோல அமைத்து, வெள்ளம் இரண்டாகப் பிரிந்து போகும்படி செய்திருக்கிறார்கள். வெள்ளம் வரும்போது உற்சவ மூர்த்தியை மேலக்கோயிலுக்குக் கொண்டு போய் விட்டு, வடிந்த பிறகு திரும்பக் கொண்டு வருவார்கள். ஆற்றுக்கு உரிய வழியை ஆற்றுக்கு விட்டுக் கட்டிய கட்டடம் அது.

இன்று தீட்டப்படும் திட்டங்களில் இந்த அறிவு இடம் பெற வேண்டும். மடை திறக்கும் நீர்ப்பாய்ச்சியையும், பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற லஸ்கரையும், ஆற்றோரத்து வாழை விவசாயியையும் கேட்டால் இது காசில்லாமல் கிடைக்கும். கேட்பதுதான் இல்லை.

சபர்மதி தரும் பாடம்

ஆற்றங்கரை மேம்பாடு என்றால் அகமதாபாத் நகரத்துச் சபர்மதியைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். அங்கே 1997-ல் இதற்கென ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டது. 2005-ல் கட்டுமானம் தொடங்கி, 2012-ல் கரை மக்களுக்குத் திறந்து விடப்பட்டது. நகருக்குள் சுமார் 11 கி.மீ. நீளத்துக்கு இரு கரையிலும் கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். இடத்துக்கு இடம் அகலம் மாறிய ஆற்றை 263 மீட்டர் என்ற ஒரே அகலத்துக்குள் கொண்டு வந்தார்கள். 200 ஹெக்டேருக்குச் சற்றுக் கூடுதலான நிலம் கிடைத்தது. சுத்தமான பாதைகளும் பூங்காக்களும் வந்தன. இவற்றை மறுக்க வேண்டியதில்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 10,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் கரையை விட்டுப் போக வேண்டியதாயிற்று. நியாயம் கேட்டு அவர்கள் நீதிமன்றத்துக்குப் போன பிறகே மாற்று வீடு பற்றிய ஏற்பாடுகள் உருப்பெற்றன. கோடையில் ஆற்றுப் படுகையில் காய்கறி போட்டவர்களுக்கு அந்தப் படுகையே இல்லாமல் போயிற்று. ஆற்றில் இப்போது நிறைந்து நிற்பது நர்மதைக் கால்வாயிலிருந்து விடும் தண்ணீர். வாஸ்னா தடுப்பணை அதைத் தேக்கி வைக்கிறது. அந்தத் தடுப்பணைக்குக் கீழே ஆற்றில் வருவதில் பெரும்பகுதி நகரத்துக் கழிவும் ஆலைக் கழிவும்தான். 2021-ல் குஜராத் உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கையில், நாட்டின் மாசுபட்ட ஆற்றுப் பகுதிகளில் நம் கூவத்துக்கு அடுத்த இடத்தில் சபர்மதி இருந்தது. அழகான 11 கி.மீ. கரைக்குக் கீழே உள்ள விவசாயிகளின் கதி இது.

அதே ஊரில் இன்னொரு செய்தியும் உண்டு. ஆற்றங்கரையில் தலைமுறையாக நடந்து வந்த ஞாயிற்றுக்கிழமைச் சந்தையையும் அப்புறப்படுத்தும் நிலை வந்தது. சந்தை வியாபாரிகள் சங்கமாக ஒன்றுகூடி வழக்கும் நடத்தினார்கள், பேச்சுவார்த்தையும் நடத்தினார்கள். முடிவில் ஆற்றங்கரையிலேயே இடம் பெற்று, 2014-ல் புதிய இடத்தில் சந்தை கூடியது. சங்கமாக நின்றவர்களுக்குத் திட்டத்தில் இடம் கிடைத்தது.

முதலிலேயே கேட்ட ஊர்

அமெரிக்காவில் டென்னஸி ஆற்றின் கரையில் சட்டனூகா என்ற சிறு நகரம் இருக்கிறது. ஆலைப் புகையால் 1969-ல் அந்த நாட்டிலேயே காற்று மிகவும் கெட்டுப்போன நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் அது. ஆற்றங்கரையை என்ன செய்யலாம் என்று யோசிக்க 1982-ல் ஒரு குழு அமைத்தார்கள். 1984-ல் ஊர் மக்களை வாரக்கணக்கில் கூட்டிப் பேசினார்கள். சுமார் 1,700 பேர் கலந்து கொண்டு, ஊருக்கு வேண்டியவை என்று 40 இலக்குகளை வகுத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆற்றங்கரைத் திட்டங்கள் ஒவ்வொன்றாக நிறைவேறின. இடித்துத் தள்ள இருந்த பழைய ஆற்றுப் பாலத்தை மக்கள் விடவில்லை. பழுது பார்த்து, 1993-ல் நடந்து செல்வோருக்கான பாலமாகத் திறந்தார்கள்.

அவர்கள் நாடு வேறு, பண வசதி வேறு என்று சொல்லலாம். ஆனால் முதலில் மக்களைக் கேட்டு, பிறகு வரைபடம் போடுவதற்குப் பெரும் பணம் தேவையில்லை. நம் ஊர்களில் வரைபடம் போட்டு, டெண்டரும் விட்ட பிறகு கருத்துக் கேட்புக் கூட்டம் போடுகிறார்கள். அப்போது என்ன சொல்லி என்ன பயன்?

பிந்தினால் என்ன ஆகும்?

நொய்யல் ஆற்றின் கதை கொங்கு நாட்டு விவசாயிகளுக்குத் தெரியும். 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்காகக் கட்டிய அந்த அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியது. தண்ணீர் வேண்டும் என்று கேட்க வேண்டிய விவசாயிகளே, இந்தத் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று கேட்கும்படி ஆயிற்று. ஆயக்கட்டுதாரர்கள் வழக்குப் போட்டு, கழிவுநீரை ஆற்றில் விடவே கூடாது என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2006-ல் வந்தது. தீர்ப்பை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடும் உத்தரவு 2011-ல் வந்தது. அணை கட்டி முடித்து 19 ஆண்டுகள் கழித்து! கெட்டுப்போன கிணறுகள் தீர்ப்பு வந்ததும் இனித்து விடவில்லை. திட்டம் போடும்போதே கேட்டிருந்தால் தப்பித்திருக்கக் கூடிய நஷ்டம் இது.

விவசாயிக்கு என்ன உரிமை?

சட்டத்தில் நமக்கு இடமே இல்லை என்று எண்ண வேண்டாம். 1971-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, ஒரு நகரத்தின் முழுமைத் திட்டம் தயாரானால் அதை அறிவித்து, ஆட்சேபணை தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும். ஆற்றங்கரைப் பூங்கா, நடைபாதை, சுவர் போன்றவை தனி வேலைகளாக எடுக்கப்படும்போது இந்த நடைமுறைக்கு வெளியே போய் விடலாம். அவற்றுக்கும் இதே இரண்டு மாத அவகாசம் வேண்டும் என்பதே நம் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

நகரங்களில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கத் தொடங்கின. கிராமசபை ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறது. அதில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். 2000-ம் ஆண்டின் சட்டப்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் இருக்கின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போட்டு, திட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்கலாம். வழி இருக்கிறது, நாம்தான் நடக்க வேண்டும்.

என்ன கேட்க வேண்டும்?

வெறுமனே ‘எதிர்க்கிறோம்’ என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். கீழ்க்கண்டவற்றுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்.

1. இந்தத் திட்டப் பகுதியில் ஆற்றிலும் கால்வாயிலும் விழும் சாக்கடைகள் எத்தனை? அவை எப்போது அடைக்கப்படும்? கரை வேலைக்கு முன்பா, பின்பா?

2. இப்போதுள்ள ஆற்றின் அகலம் எவ்வளவு, திட்டத்துக்குப் பின் எவ்வளவு? 2023 வெள்ளம் எட்டிய உயரம் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறதா? ஒரு கரையில் சுவர் எழுப்பினால் எதிர்க்கரைக்கு என்ன பாதுகாப்பு?

3. தலைமதகுகளுக்குப் போகும் பாதையும், தூர் வாரும் இயந்திரம் இறங்கும் வழியும் விடப்பட்டுள்ளனவா?

4. படகு விடவோ அழகுக்கோ தண்ணீரைத் தேக்கினால், கார் பருவத்தில் கடைமடைக்குப் போகும் அளவு குறையுமா?

5. படித்துறைகளும் ஆடு மாடு இறங்கும் துறைகளும் இருக்குமா? ஐந்து வருஷம் கழித்துப் பராமரிப்புச் செலவு யாருடையது?

கூட்டம் நடத்தும் விதமும் முக்கியம். நடவு நாளிலும் அறுப்பு நாளிலும் கூட்டம் வைத்தால் விவசாயி வர முடியாது. குளிர்சாதன அறையில் ஆங்கிலத்தில் படம் காட்டுவதைவிட, தமிழில் எழுதிய வரைபடத்துடன் ஆற்றங்கரையிலேயே ஒரு மாலை நடந்து பார்த்துப் பேசுவது மேல். பெண்களும் வர வேண்டும். களை எடுக்க வாய்க்காலில் இறங்குகிறவர்களுக்குத் தண்ணீரின் வாடை முதலில் தெரியும். சொன்ன யோசனைகளில் எது ஏற்கப்பட்டது, எது எதனால் ஏற்கப்படவில்லை என்று பட்டியல் வெளியிட வேண்டும்.

இப்படியெல்லாம் கேட்டுக் கொண்டிருந்தால் நிதி திரும்பிப் போய்விடும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். அந்தக் கவலையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இரண்டு மாதம் கேட்பதால் ஆகும் தாமதம், கட்டிய பிறகு வருஷக்கணக்காக வழக்கு நடத்தும் தாமதத்தைவிடக் குறைவு.

விவசாயிகள் பக்கமும் குறை உண்டு. வாய்க்கால் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வயலோடு சேர்த்துக் கொள்கிறவர்களும், பூச்சிமருந்து டப்பாவை வாய்க்காலில் வீசுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். நகரத்தைக் கேள்வி கேட்கப் போகிறவர்கள் இதைத் திருத்திக் கொண்டு போனால், சொல்லுக்கு மதிப்பு இருக்கும்.

நெல்லைக்கு மட்டுமல்ல, அமராவதிக் கரையில் உள்ள கரூருக்கும், காவிரிக் கரையில் உள்ள கும்பகோணத்துக்கும் இது பொருந்தும். உங்கள் ஊருக்கு மேலே உள்ள நகரத்தில் ஆற்றங்கரைத் திட்டம் என்று பேச்சு அடிபட்டால், டெண்டர் விளம்பரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மேலே சொன்ன ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த கிராமசபையில் தீர்மானமாக நிறைவேற்றி, நகராட்சி ஆணையருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வைத்துக் கொள்ளுங்கள்.