விரல்கள் வாசிப்பது வாழ்ந்த வாழ்க்கையை

பக்கவாதத்திற்குப் பின் பயிற்சிக்கு வருவோரில் பியானோவோ கீபோர்டோ வாசித்துப் பழகியவர்களும் உண்டு. அவர்கள் தம் போக்கில் வாசிக்கும்போது குடும்பத்தினர் குறுக்கிட்டுத் திருத்த வேண்டா என்பது எங்கள் கருத்து.

மனோதர்மம் வெறுமையிலிருந்து பிறப்பதில்லை. ஆலாபனை செய்பவர் பல்லாண்டுக் கேள்வி ஞானத்திலிருந்தே எடுத்துப் பாடுகிறார். பியானோவுக்கும் இது பொருந்தும். சென்னையின் அனில் ஸ்ரீநிவாசன் வாசிப்பில் மேற்கத்திய இசையும் கர்நாடக இசையும் சேர்ந்தே ஒலிக்கின்றன.

2008இல் சார்லஸ் லிம்ப், ஆலன் பிரான் ஆகிய இருவரும் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வாசிக்கச் செய்தனர். கற்பனையாக வாசிக்கையில், தன்னைக் கண்காணித்துத் திருத்தும் முன்மூளைப் பகுதிகள் அடங்கின; தன் அனுபவங்களோடு தொடர்புடைய பகுதி விழித்தது. அருகிலிருந்து பிழை சுட்டினால், அடங்க வேண்டிய பகுதியையே நாம் எழுப்பிவிடக்கூடும்.

அதே ஆண்டு வெளியான பின்லாந்து ஆய்வொன்றில், தமக்குப் பிடித்த இசையை நாள்தோறும் கேட்ட பக்கவாத நோயாளர்களுக்குச் சொல் நினைவும் கவனமும், ஒலிநூல் கேட்டவர்களைவிட நன்கு மீண்டன. இவை சிறிய ஆய்வுகளே. மருந்துக்கும் இயன்முறைப் பயிற்சிக்கும் இசை மாற்றாகாது. ஆயினும் பிடித்த இசை எது என்பது மருத்துவக் குறிப்பில் இடம்பெறத் தக்க செய்தி.

ஆகவே, தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டையிலிருந்து வரும் குடும்பத்தினரை வேண்டுகிறோம்: மாத்திரைப் பட்டியலோடு, அவர் இளமையில் கேட்டது தேவாலயப் பாடலா, சபாக் கச்சேரியா, வானொலித் திரைப்பாடலா என்பதையும் எழுதிக் கொண்டுவாருங்கள். பயிற்சியை அங்கிருந்து தொடங்குவோம்.