ஆகாயத்தில் ஒன்றரை மணி, தரையில் ஐந்து மணி!

சென்னையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார் ஒருவர். சொந்த ஊர் சங்கரன்கோவில். பொழுது விடிந்ததும் ஊரில் இருந்து போன். “அப்பாவுக்கு ரொம்ப முடியலை. உடனே வா!”

பொதிகை எக்ஸ்பிரஸ் இரவு வண்டி. அதுவரை காத்திருக்க மனசு கேட்குமா? கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு விமான டிக்கெட் எடுக்கிறார். “தூத்துக்குடிக்கு ஒன்றரை மணி நேரம்தான். மத்தியானம் வந்துருவேன்” என்கிறார்.

வந்து சேர முடியுமா? கணக்குப் பார்ப்போம்.

மீனம்பாக்கத்தில் இருந்து தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையம் வரை ஆகாய வழியில் நேர்கோட்டுத் தூரம் சுமார் 530 கிலோ மீட்டர். இந்த வழியில் ஓடும் ஏ.டி.ஆர். ரக விமானத்தின் வேகம் மணிக்கு 500 கிலோ மீட்டர் அளவு. பறக்க ஒரு மணிக்குக் கொஞ்சம் கூட. ரன்வேக்கு உருண்டு போக, மேலே ஏற, இறங்க என்று மீதி நேரம். ஆக மொத்தம் ஒன்றரை மணி.

அதெல்லாம் சரி. தரைக் கணக்கு என்ன?

கடையில் இருந்து மீனம்பாக்கம் போக 1 மணி. சோதனை, காத்திருப்பு ஒன்றரை மணி. இறங்கி வெளியே வர அரை மணி. வாகைக்குளத்தில் இருந்து சங்கரன்கோவிலுக்கு சுமார் 90 கிலோ மீட்டர். டாக்சி பிடித்தாலே 2 மணி. தரையில் மட்டும் 5 மணி நேரம்! டாக்சிக்குக் காசு இல்லாதவர் நெல்லை போய் பஸ் மாற வேண்டும். அதற்கு இன்னும் கூடுதல் நேரம்.

மதுரையில் இறங்கலாமே என்பார்கள். சென்னை - மதுரை ஆகாயத் தூரம் 420 கிலோ மீட்டர்தான். ஆனால் அங்கிருந்து சங்கரன்கோவில் 110 கிலோ மீட்டருக்கு மேல். மேலே மிச்சம் பிடித்த நேரம் ரோட்டில் போய்விடும்!

பெரிய விமானம் வந்தால்?

1,350 மீட்டராக இருந்த தூத்துக்குடி ரன்வே 3,115 மீட்டராக நீண்டுவிட்டது. புதிய முனையத்தைப் பிரதமர் மோடி 2025 ஜூலை 26-ந்தேதி திறந்து வைத்தார். பெரிய ஜெட் விமானமே இறங்கலாம். நல்ல காரியம். ஆனால் ஜெட்டால் மிச்சமாவது 20, 25 நிமிடம். பஸ் நிலையத்தில் அடுத்த வண்டிக்கு நிற்கிற நேரத்தில் அது கரைந்து போகும்.

சங்கரன்கோவில்காரர்கள் ஜெட் விமானமா கேட்கிறார்கள்? விமானம் இறங்குகிற நேரத்துக்கு வாகைக்குளம் வாசலில் ஒரு அரசு பஸ். கழுகுமலை, கோவில்பட்டி மக்களும் ஏறிக் கொள்வார்கள். ஆடித்தபசுக்கு வரும் வெளியூர் பக்தர்களுக்கும் உதவும். விமான நேரப் பட்டியலைப் பார்த்து பஸ் நேரத்தைக் குறிக்க அதிகாரிகளுக்கு அரை நாள் போதும்.

ரன்வேயை நீட்டியாச்சு. வாசலில் பஸ்சை நிறுத்துவது எப்போது? அங்கே ஒரு தகப்பன் வாசலையே பார்த்துக் கொண்டிருக்கிறார்!