புள்ளி அட்டை யாரைத் துரத்துகிறது?

மேச்சேரியில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, எனக்குச் சிவப்பும் பச்சையும் குழம்புது. பல் டாக்டருக்குப் படிக்க விடுவாங்களா?" அரசுப் பள்ளி, பன்னிரண்டாம் வகுப்பு, அருந்ததியர் வீட்டுப் பிள்ளை. "சீட் கிடைக்குமா" என்று கேட்கவில்லை, "விடுவாங்களா" என்கிறான். நம் பிள்ளைகளுக்கு அந்த வார்த்தைதான் முதலில் வருகிறது.

தோழர்களே, பல் மருத்துவத்தில் நிறத்துக்கு வேலை இருக்கிறது. ஈறு சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கட்டும் பல்லுக்கு நிறம் பொருத்த வேண்டும். ஆனால் ஈறு நோயை வீக்கத்திலும் ரத்தக் கசிவிலும், கருவி விட்டு ஆழம் அளந்தும் கண்டுபிடிக்கிறார்கள். நிறம் பொருத்த 16 மாதிரிப் பற்கள் கொண்ட வீட்டா பட்டை இருக்கிறது, நிறத்தை அளந்து சொல்லும் மின்கருவி இருக்கிறது. எதுவும் இல்லையென்றால் பக்கத்தில் நிற்கும் உதவியாளரைக் கேட்டால் போதும்.

நிறப்பார்வைக்கு வழக்கமாக வைக்கும் சோதனையோ, ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட புள்ளி அட்டை. புள்ளிகளுக்குள் எண் தெரியாதவனுக்குப் பல் பிடுங்கத் தெரியாது என்பது எந்த ஊர் நியாயம்?

திரிபுராவில் இதே காரணத்தைச் சொல்லி இரண்டு மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ். இடம் மறுத்தார்கள். 2017இல் உச்ச நீதிமன்றம் இருவரையும் சேர்க்கச் சொன்னது. நம் மாநில மின்வாரியம் ஒரு பொறியாளரை இதற்காகவே ஒதுக்கியது. 2023 அக்டோபரில் அவருக்கு வேலை கொடுக்கச் சொன்னதும் உச்ச நீதிமன்றம்தான். அந்த வழக்கைத் தேடிப் படியுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் நிறப்பார்வைக் குறை கிடையாது. சலுகை கேட்டால் "உனக்கு ஊனம் இல்லை" என்பார்கள், வேலை கேட்டால் "உனக்குக் குறை இருக்கிறது" என்பார்கள். இரண்டு பக்கமும் அடி.

"இதில் சாதி எங்கே வந்தது?" என்று சில தோழர்கள் கேட்பார்கள். டாக்டர் வீட்டுப் பையனுக்கு ஐந்து வயதிலேயே தெரிந்துவிடும். வக்கீலும் கையில் இருப்பார். நம் பையனுக்குப் பள்ளியில் கண் பரிசோதனை என்றால் எழுத்துப் பலகைதான். நீட், சாதிச் சான்று, கலந்தாய்வு எல்லாம் தாண்டி, கடைசி மருத்துவப் பரிசோதனையில்தான் தெரிய வரும். பிறப்பில் வந்ததைக் காட்டிக் கதவைச் சாத்துவது நமக்கு என்ன புதிதா?

தம்பியிடம் சொன்னது இதுதான்: இப்போதே அரசு மருத்துவமனையில் கண்ணைக் காட்டு. நாளைக்கு யாராவது முடியாது என்றால், எந்த விதி, என்ன தேதி என்று எழுத்தில் கேள். தரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடு. அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு.